ஒரே மாதிரி அறுபது சேலை

“பெரிதாக யோசியுங்கள்” என்று யாராவது என்னிடம் சொன்னால், அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்கிறார் என்றுதான் முதலில் பார்ப்பேன். வாங்குகிற பக்கமா, விற்கிற பக்கமா, வேடிக்கை பார்க்கிற பக்கமா? மூன்று பக்கத்திலிருந்தும் அதே இரண்டு வார்த்தைதான் வரும். அதனால் யாருக்கு லாபம் என்பது மட்டும் மாறும்.

போன மாதக் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “நாலு தறியோட ஆரம்பிச்சவங்க எப்படி சார் அவ்ளோ பெரிசா யோசிச்சீங்க?” என்று கேட்டீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். உண்மையான பதில் நின்றுகொண்டே சொல்லக்கூடிய நீளத்தில் இல்லை. தவிர, அந்தக் கதையில் பெரிதாக யோசித்தவன் நான் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவன். அதையும் யாராவது செய்ய வேண்டியிருந்தது. ஆகவே எழுதியே தந்துவிடுகிறேன்.

எழுபத்தாறு தை மாதம் எங்கள் முதல் பாவை, அதாவது நெசவுக்கான நீளவாக்கு இழையை, தறியில் ஏற்றினோம். நம் அலுவலகப் பலகையில் எழுபத்தைந்து என்று இருப்பது தவறு. பெயின்டர் வரும்போது மாற்றிவிடலாம் என்று பல வருடங்களாகச் சொல்கிறார்கள். அந்தப் பெயின்டர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று நினைக்கிறேன்.

எங்கள் என்றால், நானும் தேவசகாயமும். அவன் பள்ளி ஆசிரியரின் மகன். சேலைக் கரைகளைக் கட்டம் போட்ட தாளில் வரைவதில் கெட்டிக்காரன். நான் ஆரணியில் ஒரு பட்டுநூல் கடையில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடை முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் எங்கே உட்கார்ந்தால் கடையில் வேலை செய்யும் எல்லாருடைய கைகளும் தெரியுமோ, அங்கேதான் நாற்காலி போட்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு அலமாரிகூட வைக்கமாட்டார். அவர் கடையில் திருட்டுப் போனதே இல்லை. முப்பது வருடம் கழித்து அவர் காலமானபோது, கடை அவர் திறந்த நாளில் இருந்த அதே அகலத்தில்தான் இருந்தது. அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டு வந்தது அந்த நாற்காலியைத்தான்.

என் நாற்காலி ஒரு சைக்கிள். தினமும் காலையில் கிளம்பி, எங்கள் பாவு ஏற்றியிருந்த தறி ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவேன். கரை நேராக வருகிறதா, நாங்கள் கொடுத்த பட்டுதான் ஓடுகிறதா, நெசவில் அடர்த்தி இருக்கிறதா என்று பார்ப்பேன். நெசவாளர்கள் என்னை “போலீஸ்” என்பார்கள். நேரில் சொல்லமாட்டார்கள், நான் தெருமுனையில் திரும்பும்போது குழந்தைகள்தான் கத்தும். மூன்று வருடத்தில் நாலு தறி பதினெட்டுத் தறியானது. அதற்கு மேல் ஏறவில்லை. காரணம் ஆர்டர் இல்லாதது அல்ல. மதியத்துக்குள் என் சைக்கிள் அவ்வளவு தூரம்தான் போய்த் திரும்பியது.

சரித்திரப் புத்தகங்களில் பெரிய படையெடுப்புகளைப் பற்றிப் படிக்கும்போது, ராஜா எவ்வளவு வீரன் என்று நான் பார்ப்பதில்லை. சோற்று வண்டி எவ்வளவு தூரம் பின்னால் வந்தது என்று தேடுவேன். அது நின்ற இடத்தில்தான் ராஜ்ஜியமும் நின்றிருக்கும். எங்கள் ராஜ்ஜியம் ஆரணியிலேயே கொசப்பாளையத்தைத் தாண்டி நாலு தெருவில் நின்றுபோயிருந்தது.

எழுபத்தொன்பது ஆடி. கல்யாணம் இல்லாத மாதம். யாரும் பட்டு வாங்க வராத மாதம். அப்போதுதான் அந்த மெட்ராஸ்காரர் வந்தார். பெரிய துணிக்கடை ஒன்றுக்குச் சரக்கு எடுப்பவர் என்றார். வெள்ளைச் சட்டை, தோல் பை, கையில் மடித்த செய்தித்தாள். தேவசகாயம் நெய்யவைத்திருந்த அரக்குச் சேலை ஒன்றைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

“வேலை சுத்தமா இருக்கு தம்பி. ஆனா சின்னதா யோசிக்கிறீங்க. பதினெட்டுத் தறிய வச்சிக்கிட்டு எத்தனை நாளைக்கு? பெரிசா யோசிங்க. இதே சேலை, இதே கரை, இதே முந்தானை. அறுபது வேணும். தை பொறக்கறதுக்கு முன்னாடி.”

தேவசகாயத்தின் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆனது.

“அறுபதும் ஒரே மாதிரியா?” என்றேன் நான். “யாருக்குங்க?”

“ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் ஒரே சேலை கட்டணும்னு ஆசைப்படறாங்க.”

“எந்த ஊர்லங்க?”

“உங்களுக்குச் சேலை நெய்யற வேலையா, பத்திரிகை குடுக்கற வேலையா?”

தேவசகாயம் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

நீங்கள் இன்று கம்ப்யூட்டரில் ஒரு கரையைப் போட்டு நூறு தறிக்கு அனுப்புகிறீர்கள். ஆகவே இது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். அந்த நாளில் ஆரணியில் ஒரு பாவு என்பது மூன்று சேலைக்கான நீளம். மூன்றிலும் நீளவாக்கில் ஓடும் இழை ஒன்றேதான். ஆனால் முதல் சேலை முடிந்ததும் நெசவாளர் குறுக்கே ஓட்டும் ஊடையின் நிறத்தை மாற்றிவிடுவார், முந்தானையையும் மாற்றுவார். ஒரே பாவிலிருந்து வந்த மூன்றும் மூன்று சேலையாகத் தெரியும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கை தானாகச் செய்யும். காரணம் எளிது. பட்டு எடுக்க வருகிற பெண், கடையில் அதே சேலை இன்னொன்று இருப்பதைப் பார்த்துவிட்டால் எழுந்து போய்விடுவாள். அதனால் எந்தக் கடைக்காரரும் ஒரே மாதிரி இரண்டு வாங்கமாட்டார்.

அப்படியானால் ஒரே மாதிரி அறுபது சேலையை உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் வாங்க முடியும். ஆர்டர் கொடுத்தவர். அவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

அவர் போனதும் இதை தேவசகாயத்திடம் சொன்னேன். நெய்து முடித்ததும் ஏதாவது குறை சொல்லுவார், வேறு வழியில்லாமல் அவர் சொல்லும் விலைக்குக் கொடுப்போம், இது பொறி என்றேன்.

“உனக்கு எதுலடா சந்தேகம் இல்ல?” என்றான். “சர்ச்சுல பாதிரியார் ஜெபம் பண்ணச் சொன்னாக்கூட நீ ஒரு கண்ணத் தொறந்து வச்சிப்ப.”

“நான் சர்ச்சுக்கே வரதில்லயே.”

“அதுக்கும் சந்தேகந்தான் காரணம். கேளு. அவன் பொய் சொல்றான்னே வச்சிக்க. பதினெட்டுத் தறிக்கு மேல நாம போக மாட்டோமா? நீ சைக்கிள்ல சுத்தற வரைக்குந்தான் நமக்குப் பொழப்பா?”

அது நியாயமான கேள்வி. ஒரு ஆளின் மேல் சந்தேகம் நியாயமாக இருக்கும்போதே, அவன் கிளப்பிவிட்ட கேள்வியும் நியாயமாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்வேன். அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் இருவருக்குள் பேரம் இப்படி முடிந்தது. ஆர்டரை எடுப்பது. ஆனால் ஒவ்வொரு பாவிலும் முதல் இரண்டு சேலையை நெய்ததும் தறியை நிறுத்திவிடுவது. மெட்ராஸ்காரர் வந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் மூன்றாவது. பொறியாகவே இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு பாவாவது கையில் மிஞ்சும். தேவசகாயத்துக்கு இது பிடிக்கவில்லை. “கல்யாணத்துக்குப் போய்ட்டு பந்தியில பாதி வயித்தோட எழுந்திரிக்கிற ஆளு நீ” என்றான். ஆனால் ஒத்துக்கொண்டான்.

ஆரணியில் இருந்த தறிகளில் எட்டைத்தான் ஒதுக்க முடிந்தது. மீதிக்கு அவன் தேவிகாபுரம் போய் ஆள் பிடித்தான். கன்னையன் என்று ஒருவர். அவருடைய உறவிலும் தெருவிலுமாகப் பன்னிரண்டு தறி. எல்லாரும் வேறொரு முதலாளியிடம் நெய்துகொண்டிருந்தவர்கள். அவர் பாவு கொடுத்தால் கொடுப்பார், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் தறி சும்மா கிடக்கும். விடாமல் பாவு தருகிறோம் என்று தேவசகாயம் வாக்குக் கொடுத்திருந்தான்.

பாவுகளை எடுத்துக்கொண்டு இருவரும் பஸ்ஸில் போனோம். என் சைக்கிள் போகாத ஊரில் எங்கள் பட்டு இறங்கியது அதுவே முதல் தடவை. கன்னையன் விவரத்தைக் கேட்டதும் மனைவி ராஜம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார்.

“அறுபதும் ஒரே மாதிரியாங்க?” என்றார் ராஜம்மா. “இன்னாத்துக்கு, பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு யூனிபாரமா?”

“கல்யாணத்துக்கும்மா” என்றான் தேவசகாயம்.

“எந்தப் புண்ணியவான் வீட்டுக் கல்யாணமோ. மாப்பிள்ள வந்து எவ பொண்ணுன்னு தேடிகினு நிப்பான்.”

கன்னையன் அவரைக் கையமர்த்திவிட்டு எங்களை வாசலுக்கு அழைத்து வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சார், அவ வாய் அப்படித்தான். நெய்ஞ்சு குடுத்துடுவா. ஆனா ஒண்ணு. பழைய மொதலாளிகிட்ட சொல்லிட்டு வந்துட்டோம். ‘போறவங்க போங்க, திரும்பி வந்தா எவனும் எம் படியேறக் கூடாது’ன்னுட்டாரு. பன்னெண்டு குடும்பம் சார். உங்கள நம்பித்தான் வந்துகீறோம்.”

“எங்கள நம்புங்க” என்றான் தேவசகாயம். நான் எதுவும் சொல்லவில்லை. நான் சொல்லாததைக் கன்னையன் கவனித்தார்.

முதல் சேலை இறங்கியதும் மாதிரிக்காக மெட்ராஸுக்கு அனுப்பினோம். சரி என்று தகவல் வந்தது. ஆவணி, புரட்டாசி முழுக்க நெசவு ஓடியது. வாரம் ஒருமுறை பஸ் பிடித்து தேவிகாபுரம் போனேன். போகிற நாளில் ஆரணித் தறிகளைப் பார்க்க முடியாது. ஆரணியைப் பார்க்கிற நாளில் தேவிகாபுரத்தில் என்ன நடக்கிறதோ என்று அடுத்த பஸ் நேரத்தை விசாரிப்பேன். ராஜம்மா என்னைப் பார்த்ததும், “வந்துட்டாருடி இன்ஸ்பெக்டரு, ஊடைய எண்ணிக் காமிங்க” என்று பக்கத்துத் தறிக்குக் குரல் கொடுப்பார். சந்தேகப்படும்படி ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

புரட்டாசிக் கடைசியில் எல்லாத் தறியிலும் இரண்டு சேலை முடிந்துவிட்டது. நாற்பது சேலை கையில். பேசியபடி நிறுத்தச் சொன்னோம். மெட்ராஸ்காரர் வருகிறேன் என்ற நாளில் வரவில்லை. அடுத்து சொன்ன நாளிலும் வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தறியிலும் ஒரு சேலைக்கான பாவு சுற்றியபடி காத்திருந்தது.

இப்போது யோசித்தால், அந்தத் தாமதமும் அவருடைய கணக்கில் சேர்ந்ததுதான் என்று தோன்றுகிறது. காத்திருக்கிறவன் எதற்கும் தலையாட்டுவான்.

கடைசியில் அவர் வந்தது மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அன்று கன்னையனும் தற்செயலாகத் தேவிகாபுரத்திலிருந்து வந்திருந்தார், மூன்றாவது சேலையைத் தொடங்கலாமா என்று கேட்பதற்காக. அவரை முற்றத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே தரையில் வெள்ளை வேட்டி விரித்துச் சேலைகளை அடுக்கினோம்.

“முத்தத்துல நல்ல வெயில் இருக்குங்க. அங்க வச்சிப் பாக்கலாம்” என்றேன்.

“பரவால்ல. இங்கயே பாத்துடலாம்.”

பட்டின் நிறத்தை அறைக்குள் வைத்துப் பார்க்கிற வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆரணிக்கு வருகிறவர்கள் காபியைக்கூட வெயிலில் நின்றுகொண்டே குடிப்பார்கள், கையில் சேலையோடு. இவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தோல் பையிலிருந்து நாங்கள் அனுப்பிய மாதிரிச் சேலையை எடுத்து வேட்டியின் மேல் வைத்தார். அதன் ஓரத்தில் அவர்கள் கடை அடையாளமாகச் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டிருந்தார்கள்.

முதல் இரண்டு சேலையைப் பார்த்தார். ஓரமாகத் தள்ளினார். மூன்றாவதைப் பிரித்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“ஷேடு அடிக்குதே. நெறம் மங்கலா இருக்கு.”

“இல்லீங்களே. ஒரே சாயம், ஒரே நாள் தோய்ச்சது” என்றான் தேவசகாயம்.

“எனக்குக் கண்ணு தெரியாதுன்றீங்களா?”

நாலாவதும் மங்கல் என்றார். ஐந்தாவதும். அதற்குள் பிரித்த சேலைகள் வேட்டி முழுக்கப் பரவிக் கிடந்தன. நான் ஒவ்வொன்றாக மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். அவர் ஒருமுறைகூட மாதிரிச் சேலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை. அது அவர் முழங்காலுக்கு அருகில் தனியாகக் கிடந்தது. அதையும் எடுத்தேன். மற்றவை போலவே மடித்தேன். தையல் இருந்த ஓரத்தை உள்ளே விட்டு, பார்க்க வேண்டியவற்றின் மேலே வைத்தேன். தேவசகாயம் பார்த்தான். அவன் கண் லேசாக விரிந்தது.

மெட்ராஸ்காரர் அதை எடுத்துப் பாதி பிரித்தார். “இது எல்லாத்தையும் விட மோசம். செங்கல் பொடி மாதிரி இருக்கு. இதையெல்லாம் கல்யாண வீட்ல குடுத்தா என் மூஞ்சில விட்டெறிவாங்க.”

“ஓரத்தப் பாருங்க சார்” என்றேன்.

பார்த்தார். சிவப்புத் தையல்.

தேவசகாயத்துக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்று மூன்று பேருக்குமே தெரியும்.

“பையிலயே கெடந்து கசங்கிப்போச்சு. அதான் அப்படித் தெரியுது” என்றார் அவர். எழுந்து பையை எடுத்துக்கொண்டார். “எப்படி இருந்தாலும் லாட்டு சரியில்ல. உங்களுக்கு நஷ்டம் வரக்கூடாதேன்னு பாதி விலைக்கு எடுத்துக்கறேன். இல்லன்னா விடுங்க. ஒரே மாதிரி நாப்பது சேலைய இந்த ஊர்ல எவன் வாங்கறான்னு நானும் பாக்கறேன்.”

“விட்டுடறோங்க” என்றேன்.

“சின்ன புத்தி தம்பி உனக்கு. கடைசி வரைக்கும் சின்னதாவே இருப்ப.”

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் ஜெயித்துவிட்டேன். மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்படியே நடந்திருந்தது. அந்த ஒரு நிமிடத்தின் இனிப்பை மறைக்க விரும்பவில்லை.

“சந்தோஷமா?” என்றான் தேவசகாயம். “உன் சந்தேகம் பலிச்சிது. இப்ப நாப்பதையும் நீயே கட்டிக்க. நாளைக்கு ஒண்ணு.”

முற்றத்தில் கன்னையன் எழுந்து நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

“சார், அப்போ எங்க தறி?”

உங்களில் சிலருக்கு வியாபாரத்தில் புத்திசாலித்தனம்தான் முக்கியம் என்ற நினைப்பு இருக்கிறது. எதிராளியின் தந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். அந்த முற்றத்தில் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சந்தேகம் சரியாக இருந்தது என்பதற்காக ஒரு சேலைகூட விற்காது. பொறி என்று கண்டுபிடித்தவன் நான். பொறிக்குள் நின்றுகொண்டிருந்தவர் கன்னையன்.

“மொதல்ல மூணாவது சேலைய ஆரம்பிங்க” என்றான் தேவசகாயம் அவரிடம். “இனிமே அந்த ஆளு கெடயாது.”

கன்னையன் என்னைப் பார்த்தார். “இப்பவாச்சும் மாத்தி நெய்யலாமாங்க?”

அந்த நிலைமையிலும் அவர் குரலில் ஒரு ஆவல் இருந்தது. நான் தலையாட்டினேன். ஊடைக்குப் பச்சை, மாம்பழம், மயில்கழுத்து என்று இருந்த பட்டையெல்லாம் எடுத்துக் கொடுத்தோம். தறி ஓடும். ஆனால் ஒரு சேலைக்குத்தான். அது இறங்குவதற்குள் அடுத்த பாவுக்கு வழி பிறக்காவிட்டால், பன்னிரண்டு குடும்பமும் ஏற முடியாத அந்தப் படியின் முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

அவர் போன பிறகு நாங்கள் சண்டை போட்டோம். இருபது வருடக் கூட்டில் அவ்வளவு பெரிய சண்டை வேறு கிடையாது. அதன் கடைசிப் பகுதி மட்டும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

“எந்தக் கடைக்காரன்டா ஒரே மாதிரி ரெண்டு வாங்குவான்?” என்று கத்தினேன்.

“ரெண்டு வாங்க மாட்டான். ஒண்ணு வாங்குவான் இல்ல?”

“ஒண்ணுன்னா நாப்பது கடைக்குப் போவணும்.”

“போ.”

“ஒரே ஊர்ல ரெண்டு கடையிலயும் இருக்கக் கூடாது. அப்போ நாப்பது ஊரு.”

“போடான்றேன். நீதான ஊரு ஊரா சரித்திரம் படிச்சிகினு கீற. போய் நேர்ல பாத்துட்டு வா.”

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னவனும் கேட்டவனும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டோம். நாற்பது ஊர் என்று அதுவரை எங்களில் யாரும் நினைத்ததே இல்லை. எங்கள் சேலை ஆரணியிலேயே ஒரு சில வியாபாரிகளிடம் போகும். அவர்கள் எங்கே விற்றார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு பெரிய ஆள் வந்து நம்மைப் பெரிதாக்குவார் என்றுதான் தேவசகாயம் நம்பினான். அப்படி யாரும் வரமாட்டார்கள் என்று நான் நம்பினேன். அதற்கு மேல் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

என் சந்தேக புத்திக்கு இப்போது உருப்படியான ஒரு வேலை கிடைத்தது. ஒரே சேலை கட்டிய இரண்டு பெண்கள் ஒரே கல்யாணத்தில் எதிரெதிரே வந்துவிட்டால் இரண்டு கடையிலும் நம் பெயர் கெடும். ஆகவே எந்த ஊர்க்காரர்கள் எந்த ஊரில் பெண் எடுக்கிறார்கள், எந்தச் சந்தைக்குப் போகிறார்கள் என்று விசாரித்தேன். பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டப வாசல்களில், நெல் மண்டியில் நின்று கேட்டேன். கல்யாணத் தரகன் என்று சிலர் நினைத்திருப்பார்கள். திண்டிவனத்துக்கு ஒன்று என்றால் விழுப்புரத்துக்கு இல்லை. தருமபுரி, சேலம், சித்தூர், கோலார் என்று அந்த மழையிலேயே மூட்டையோடு கிளம்பினேன்.

கஷ்டம் ஊர்களில் இல்லை, கடைகளில் இருந்தது. தெரியாத ஊர்ச் சரக்கை யாரும் உடனே வாங்கமாட்டார்கள். “வச்சிட்டுப் போங்க, வித்தா எழுதறேன்” என்பார்கள். வைத்துவிட்டுப் போவதா? சைக்கிளில் பார்த்துவர முடியாத ஊரில், முன்பின் தெரியாத மனிதரிடம், எங்கள் பட்டை? முதல் கடையில் முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கன்னையன் தறியில் அந்நேரம் முந்தானை தொடங்கியிருக்கும், அது முடிந்தால் தறி காலி என்று நினைப்பு வந்தது. திரும்பி உள்ளே போனேன்.

கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு வழி கண்டுபிடித்தேன். சேலையைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். சிலர் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே தள்ளுவார்கள், நானே மடித்துக்கொள்ள வேண்டும். சிலர் கடைப் பையனிடம் எறிவார்கள். சிலர் தாங்களே எடுத்து, பழைய மடிப்பிலேயே விரல் வைத்து மடிப்பார்கள். அந்த மூன்றாவது வகைக்காரர்களிடம் மட்டும் வைத்துவிட்டு வந்தேன். தனக்குச் சொந்தமில்லாத சேலையைத் தானே மடிக்கிற மனிதர் ஏமாற்றமாட்டார் என்பது என் ஊகம். சாஸ்திரம் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் விஷயத்தில் தவறியும் போனது. ஒருவர் கடையையே காலி செய்துவிட்டுப் போயிருந்தார். மற்றபடி இன்றுவரை நான் ஆள் எடுக்கும்போதும் இதைத்தான் பார்க்கிறேன். உங்களில் பலருக்கு நேர்காணலில் ஒரு சேலையைப் பிரித்துக் கொடுத்தது எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும்.

கார்த்திகை பிறந்ததும் கடைக்காரர்களிடமிருந்து தபால் கார்டுகள் வர ஆரம்பித்தன. ஆச்சரியம் என்னவென்றால், பல கார்டுகளில் ஒரே விஷயம்தான் இருந்தது. சேலை விற்றுவிட்டது, இதே கை நெய்த வேறு நிறம் இருந்தால் அனுப்பவும். அதற்குள் தேவிகாபுரத்திலும் ஆரணியிலும் மாற்றி நெய்த மூன்றாவது சேலைகள் இறங்கியிருந்தன. இருபதும் இருபது விதம். ராஜம்மா நெய்தது மயில்கழுத்து. இரண்டு மாதம் அடக்கிவைத்ததையெல்லாம் அந்த அம்மாள் முந்தானையில் கொட்டியிருந்தார். அது தருமபுரிக்குப் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே விற்றது.

ஒரு சின்னச் செய்தி. எண்பத்து மூன்றில் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முதல் வரிசையில் இரண்டு அம்மாள்கள், அதே அரக்கு, அதே கரை, அதே முந்தானை. ஒருவரை ஒருவர் தலை முதல் கால்வரை அளந்துகொண்டிருந்தார்கள். எந்த இரண்டு ஊர்ச் சம்பந்தம் என் விசாரணையில் தப்பியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசைதான். சாப்பிடாமலே வந்துவிட்டேன்.

திரும்பவும் எழுபத்தொன்பதுக்கு வருகிறேன். மார்கழிக்குள் தேவிகாபுரத்துக்குப் பன்னிரண்டு புதுப் பாவு தயாராகிவிட்டது. அனுப்ப வேண்டிய அன்று எனக்குக் கோலார் போயாக வேண்டியிருந்தது. தேவசகாயத்துக்குச் சாயப்பட்டறையில் வேலை. பாவைக் கொண்டுபோய், தறியில் ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இல்லை. நாள் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன்.

“தள்ளிப் போடு” என்றான் தேவசகாயம். “தள்ளிப் போட்டா பதினெட்டுத் தறி. இன்னிக்கே அனுப்பினா முப்பது. நீயே சொல்லு.”

அனுப்பினேன். எல்லாப் பாவையும் ஒரு சாக்கில் வைத்து, நானே கட்டி, தேவிகாபுரம் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, என் பஸ்ஸுக்குப் போனேன். எங்கள் பாவு என் கண் எட்டாத இடத்துக்கு, நான் இல்லாமல் போனது அன்றுதான். கோலார் வரும்வரை தூங்கவில்லை.

நாலு நாள் கழித்து நான் திரும்பியபோது கன்னையன் ஆரணிக்கு வந்திருந்தார். எல்லாத் தறியிலும் பாவு ஏறிவிட்டது என்றார்.

“ஒண்ணும் குறையில்லயே?” என்றேன்.

“பாவுல ஒரு குறையும் இல்லீங்க. அந்தச் சாக்கு மூட்டதான் பேஜாராப் போச்சு. நீங்க போட்ட முடிச்சு மேல முடிச்ச அவுக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிட்டுது. கடைசியில ராஜம்மா அருவாமணைல வச்சி அறுத்துட்டா. ‘பாவ அனுப்பினாரா, கைதிய அனுப்பினாரா, கேட்டுகினு வாய்யா’ன்னா.”

தேவசகாயம் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும். அடுத்த பாவு மூட்டை முதல், முடிச்சை அவனே போட ஆரம்பித்தான்.